தலைகீழாக ஊற்றும் தரை

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஏறியதும் பன்னிரண்டு கைகள் ஒரே நேரத்தில் செல்போனை எடுத்தன. ஆசிரியை இதை எதிர்பார்த்தே வந்திருந்தார். ஓர் அட்டைப்பெட்டியை நீட்டி எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுக்கொண்டு, இரண்டு பேருக்கு ஒரு அளவு டேப், ஆளுக்கொரு பென்சில் என்று கொடுத்தார். மதுரையிலிருந்து மாணவர்களுடைய வேனில் ஒட்டிக்கொண்டு வந்த என் போனும் பெட்டிக்குள் போயிற்று.

இன்டீரியர் ஆர்க்கிடெக்சர், அதாவது உள்ளகக் கட்டடக்கலை படிக்கச் சேர்ந்து இரண்டே மாதமான பிள்ளைகள். சோபாவுக்கு என்ன நிறம், ஜன்னலுக்கு என்ன திரை என்பதுதான் படிப்பு என்று நினைத்து வந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். ஆசிரியையோ திண்ணையிலிருந்து தொடங்கினார். “உட்காருங்க. கால் தரையில படுதா?” நெட்டைப் பையனுக்குப் பட்டது; குட்டையான பெண்ணுக்குக் குதிகால் அந்தரத்தில் நின்றது. முழங்கால் மடிப்பிலிருந்து தரைவரை ஒவ்வொருவரையும் அளந்து எழுதச் சொன்னார். பன்னிரண்டு பேருக்குள்ளேயே எட்டு சென்டிமீட்டர் வித்தியாசம்.

கட்டடக்கலைஞர் லெ கார்பூசியே தன் ‘மாடுலர்’ அளவுமுறையை 1.83 மீட்டர் உயர மனிதனை வைத்து வகுத்தார். ஆறடி ஆள். நம் ஊர் அடுப்படி மேடைமுன் நிற்கும் பெண்களில் பலர் அவனைவிட ஓரடி குறைவு. இந்தியர்களின் உடலளவுகளைத் தொகுத்து தேப்குமார் சக்ரபர்த்தி எழுதிய நூலை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இல் வெளியிட்டது. இந்தத் துறையில் கையோடு வைத்திருக்கவேண்டிய புத்தகம். அதைப் பிரிப்பதற்கு முன்னால் அவனவன் தன் முழங்காலை அளந்து பார்க்கட்டும் என்பது ஆசிரியையின் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

திண்ணையைத் தாண்டினால் முகப்பு, அதற்கப்பால் முற்றத்தோடு கூடிய வளவு, பிறகு இரண்டாம் கட்டு, அடுப்படி. முன்வாசலில் நின்றால் கொல்லைப்புறக் கதவு தெரிகிறது. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு. பர்மா தேக்கில் தூண்கள், சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர்ப்பூச்சு. கையை வைத்தால் பீங்கானைத் தொட்டதுபோல் சில்லென்று இருக்கிறது. இப்படிப்பட்ட வீடுகள் கொண்ட செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. மாணவர்களுக்கு அந்தப் பெருமையில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. “இந்தச் சுவரை எடுத்துட்டா பெரிய ஹால் கிடைக்குமே மேடம்” என்றான் ஒருவன்.

பதிலை ஆசிரியை சொல்லவில்லை. அந்த வீட்டைப் பராமரிக்கும் வயதான கொத்தனார் ஒருவர் அங்கே நின்றிருந்தார். சுவரில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, “எடுக்கலாம் தம்பி. மொதல்ல மாடியை எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு சொல்லு” என்றார். இன்றைய அடுக்குமாடியில் கான்கிரீட் தூணும் உத்தரமும் சுமையைத் தாங்கும். நடுவிலிருக்கும் செங்கல் சுவர் வெறும் தடுப்பு. இங்கே சுவரே தூண். வெறுமனே அலங்கரிப்பவருக்கும் உள்ளகக் கட்டடக்கலைஞருக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிட்டது.

மாடிப்படியில் இன்னொரு பாடம். ஏறிய பன்னிரண்டு பேரில் மூன்று பேர் கடைசிப் படியில் கால் இடறினார்கள். அளந்து பார்த்தால் மற்றப் படிகளெல்லாம் பதினாறு சென்டிமீட்டர், கடைசிப் படி மட்டும் இருபது. படி உயரத்தின் இரண்டு மடங்கோடு மிதியின் அகலத்தைக் கூட்டினால் ஒரு எட்டின் நீளத்துக்குச் சமமாக வரவேண்டும் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் கட்டடக்கலைஞர் பிளோண்டல் சொல்லிவைத்தார். இன்றைய கணக்கில் அறுபது முதல் அறுபத்தைந்து சென்டிமீட்டர். இந்தக் கணக்கைக் காலே மனப்பாடம் செய்துகொள்கிறது. மாறும்போதுதான் தடுக்குகிறது. கொத்தனார் காரணம் சொன்னார்: “மேல தளத்துல கல்லு மாத்துறப்ப பழசைப் பேக்காம அதுமேலயே ஒட்டிட்டாங்க. நாலு சென்டிமீட்டர் ஒசந்துபோச்சு. கதவுகளையும் அடியில இழைச்சுவிட்டோம்.”

என் வீட்டிலும் ஒரு ஒப்பந்தக்காரர் இதையேதான் செய்தார். குளியலறைத் தரை கூடத்தைவிட உயர்ந்து, இன்றுவரை தண்ணீர் வெளியே வருகிறது. தரை என்றால் வண்ணம் மட்டுமல்ல, அதற்குத் தடிமனும் உண்டு என்பதை அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்தத் தடிமன் எங்கே பிறக்கிறது என்று பார்க்கத்தான் பிற்பகலில் ஆத்தங்குடி. கொட்டகை போட்ட பட்டறை. சூளை கிடையாது, நெருப்பு கிடையாது, இயந்திரச் சத்தமும் கிடையாது. வரிசையாகச் சம்மணமிட்டு வேலை செய்கிறார்கள். இங்கே வார்க்கும் தரைக்கல்லை ஊர்க்காரர்கள் ஓடு என்று சொல்வதில்லை. பூக்கல்.

முதலில் ஒரு சதுரக் கண்ணாடி. துணியால் ஒரு பொட்டுத் தூசியில்லாமல் துடைத்து, அதைச் சுற்றி இரும்புச் சட்டத்தைப் பொருத்துகிறார் தொழிலாளி. உள்ளே தகரத்தால் வளைத்த பூ அச்சு. கூழ்போல் கரைத்த வண்ணச் சிமெண்டைச் சின்னக் கரண்டியால் அச்சின் அறைகளில் ஊற்றுகிறார்: இதழுக்கு மஞ்சள், நடுவில் சிவப்பு, மூலைகளுக்குப் பச்சை. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சை நேராக மேலே தூக்குகிறார். கை ஒரு நூல் நடுங்கினாலும் மஞ்சள் சிவப்புக்குள் ஓடிவிடும். நடுங்கவில்லை. ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள மணலும் சிமெண்டும் கலந்த உலர்ந்த தூளை மேலே தூவுகிறார். அதன்மேல் சாந்து, கரண்டியால் அழுத்தி மட்டம் பார்த்ததும் சட்டத்தைக் கழற்றிவிடுகிறார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதன்பிறகு நிழலில் காய்வதும் தண்ணீர்த் தொட்டியில் ஊறுவதுமாக நாட்கணக்கில் காத்திருக்கவேண்டும். ஊறி இறுகிய கல் கண்ணாடியை விட்டுத் தானாகவே பிரிகிறது. மெருகு என்று தனியாக எதுவும் பூசுவதில்லை. கண்ணாடியின் வழவழப்பைக் கல் வாங்கிக்கொள்கிறது.

ஒரு மாணவி வெறுங்கையால் சாந்தை அழுத்திப் பார்த்தாள். சிறிது நேரத்தில் விரல் இடுக்கில் எரிச்சல். தொழிலாளி தன் கையை விரித்துக் காட்டினார்: விரல்நுனிகளில் வெடிப்பு, அதற்குள் வெளிறிய சாம்பல் கோடுகள். “சிமெண்டு தின்னுரும் பாப்பா. ராத்திரி தேங்கா எண்ணெ தடவிட்டுப் படுக்கிறதுதான்.” கூலி கல் கணக்கில்தான். மழைக்காலத்தில் கல் காய்வது தாமதமானால் வருமானமும் தாமதமாகும்.

பராமரிப்பு பற்றி ஆசிரியை கேட்டதும் தொழிலாளிக்குக் கோபமே வந்துவிட்டது. “கல்லு நல்லாத்தான் இருக்கும். ஆசிட்டை ஊத்திக் கழுவிட்டு, மங்கிப்போச்சுன்னு சண்டைக்கு வருவாக.” இது சிமெண்ட்; அமிலம் பட்டால் மேல்தோல் கரையும். எலுமிச்சைச்சாறு சிந்தினாலே தடம் விழும். பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்: கூடத்துக்குச் சரி, அடுப்படிக்கு யோசிக்கவேண்டும்.

காலையில் குதிகால் எட்டாமல் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு ஓர் ஆசை. தன் பெயரின் முதலெழுத்தான ‘அ’வைக் கல்லில் போடவேண்டும். தொழிலாளி மறுக்காமல் ஒரு கண்ணாடியைத் தந்து, கரண்டி பிடிக்கும் விதத்தையும் காட்டினார். நாக்கைத் துருத்திக்கொண்டு சிவப்பில் ‘அ’ எழுதினாள். கொஞ்சம் இறுகவிட்டு, சுற்றிலும் வெள்ளையை அவரே ஊற்றிக்கொடுத்தார். தூள், சாந்து, மட்டம் எல்லாம் ஆயிற்று. பிறகு கண்ணாடியோடு சேர்த்துப் பக்குவமாகத் தூக்கி, அடிப்பக்கத்தை அவளுக்குக் காட்டினார்.

எழுத்து இடம் வலமாகத் திரும்பியிருந்தது.

“மொதல்லயே சொல்லியிருக்கலாமேண்ணே!”

“சொன்னா மறந்துருவே” என்று சிரித்தார் அவர். “பூ திரும்பினாலும் பூதான். எழுத்து அப்படியில்லையே, பாப்பா.”

ஆசிரியையின் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்கவேண்டும். ரிஃப்ளெக்டட் சீலிங் பிளான் என்ற வரைபடத்தை ஒரு வாரமாகப் புரியவைக்கப் போராடிக்கொண்டிருந்தாராம். கூரையை அண்ணாந்து பார்த்து அப்படியே வரைந்தால் இடம் வலம் மாறி, தரைப்படத்தோடு பொருந்தாது. விளக்கு ஒரு மூலையில், மேஜை எதிர்மூலையில் என்று ஆகிவிடும். அதனால் தரை முழுக்கக் கண்ணாடி விரித்திருப்பதாக நினைத்துக்கொண்டு, அதில் தெரியும் கூரையை வரையவேண்டும். கரும்பலகையில் பிடிபடாதது இந்தக் கண்ணாடியில் பிடிபட்டது. இரண்டு பையன்கள் உடனே கொட்டகையின் கூரையையும் தொங்கும் குண்டு பல்புகளையும் வரையத் தொடங்கினார்கள்.

அந்தப் பெண் வரையவில்லை. குறிப்பேட்டுத் தாளில் அழுத்தி ‘அ’ எழுதினாள். தாளைத் திருப்பி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பின்பக்கம் தெரிந்த கோட்டின் மேலேயே பென்சிலை ஓட்டினாள். பிறகு அதைத் தொழிலாளியிடம் நீட்டி, “இன்னொரு கண்ணாடி தாங்கண்ணே” என்றாள். வேன் ஓட்டுநர் இரண்டாவது முறையாக ஹாரன் அடித்தார்.