மழைக்குப் பிறகு மஞ்சள் வெண்ணெய்

மூலனூர்ப் பக்கம் எங்கள் அப்பத்தா வீட்டு வெண்ணெய்க்கு வருஷத்தில் இரண்டு நிறம். சித்திரை, வைகாசியில் வெளுத்திருக்கும். ஐப்பசி மழை பெய்து கொரங்காட்டில் மாடுகள் மேயத் தொடங்கிவிட்டால் மத்தில் மஞ்சளாகத் திரண்டு வரும். "மாடு பச்சை கடிச்சிருக்குது கண்ணு" என்பார் அப்பத்தா. பச்சைப் புல்லின் கரோட்டின் பால் கொழுப்பில் சேர்ந்துதான் அந்த நிறம் வருகிறது என்று பின்னால் படித்தேன்.

கொரங்காடு, மேய்ச்சலுக்கென்றே விட்டுவைத்த நிலம். காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில் வட்டாரத்து மழை குறைந்த மேட்டு நிலங்களில் பார்க்கலாம். சுற்றிலும் கிளுவை வேலி, நுழைய ஒரு படல், உள்ளே அங்கங்கே வெள்வேல மரம். தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். ஊடே நரிப்பயறு கொடியோடிக் கிடக்கும். மழை பெய்ததும் அப்பாரு படலைச் சாத்திவிடுவார். புல் கதிர்விட்டு விதை உதிரும்வரை ஓர் ஆட்டுக்குட்டிகூட உள்ளே போக முடியாது. பிறகு ஒரு காட்டை மேய்த்து முடித்தால்தான் அடுத்த காடு. கோடையில் புல் காய்ந்துபோனாலும் வெள்வேலங்காய் உதிரும். மாடுகள் மரத்தடியை விட்டு நகராது. சாணி அள்ள ஆள் வேண்டாம். விழுந்த இடத்திலேயே வண்டுகள் அதை மண்ணுக்குள் கொண்டுபோய்விடும்.

சாயங்காலம் மாடுகளைக் கட்டுத்தரைக்கு ஓட்டி வருவோம். பசு சாம்பல் நிறம், அதன் இளங்கன்றோ செவலை. கறப்பதற்கு முன் கன்றை ஊட்ட விடுவார் அப்பத்தா. அது முட்டி முட்டிக் குடிக்க மடி சுரந்துவிடும். அப்போது கன்றைப் பிரித்துத் தாயின் முகத்தருகே கட்டுவார். பசு அதை நக்கிக்கொண்டே நிற்கும். ஒரு காம்பில் மட்டும் கை வைக்கவே மாட்டார், அது கன்றுக்கு. போசியில் விழும் பால் முதலில் கணீரென்று ஒலிக்கும், நுரை ஏற ஏற சத்தம் அமுங்கிப்போகும்.

அந்த நுரைக்கு நான் விரலை நீட்டினால் கையைத் தட்டிவிடுவார். "காய்ச்சாத பாலை வாயில வெக்காதே சாமி." வறட்டித் தணலில் அது நெடுநேரம் காய்ந்து, மேலே தடிமனாக ஆடை கட்டும். பச்சைப்பாலே மருந்து என்று இன்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நல்ல புல் தின்ற மாட்டுக்கும் காசநோய் வரும், புருசெல்லா கிருமி தொற்றும். காய்ச்சினால்தான் அவை சாகும். மேய்ச்சல் கொடுத்த மணமும் நிறமும் காய்ச்சிய பாலிலும் இருந்தன. எங்களுக்கு வாய்த்த நல்ல பால் அந்தப் புல்லால், அந்த நிலத்தால் வந்தது.

அந்த நிலம்தான் குறைந்துகொண்டே வருகிறது. காங்கயம் பசு நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் கறந்தால் அதிகம். கலப்பின மாடு பத்து லிட்டருக்கு மேல் கறக்கும். கடனுள்ள வீட்டுக்காரர் எதைக் கட்டுவார்? மாடுகள் கட்டுத்தரையிலேயே நின்று தீவனம் தின்னத் தொடங்கின, காடுகள் பல மனைகளாயின. எங்கள் பங்காளி அண்ணன் ஒருவர் மட்டும் இன்னும் காட்டை விடவில்லை. வீட்டுச் செலவுக்குப் போக மற்ற பாலையெல்லாம் கன்றுக்கே விட்டுவிடுகிறார். வருமானம் கன்று விற்பதில்தான். காட்டில் ஓடித் திரிந்த கன்றுக்குக் கால் உறுதியாக இருக்கும், சந்தையில் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள் என்கிறார்.