கோணல் எழுத்து

பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறும் ஒவ்வொருவரிடமும் ஒரு காகிதத்தைக் கொடுத்து அனுப்புகிறார்கள். மாற்றுச் சான்றிதழ் என்பது அதன் பெயர். பிறந்த தேதி, அங்க அடையாளம், படித்து முடித்த வகுப்பு, கடைசியில் நடத்தை - இவ்வளவும் அதில் இருக்கும். 1993-ஆம் வருஷம் நமக்கு அளிக்கப்பட்ட காகிதத்தில், இடது முழங்கையில் ஒரு மச்சம் இருப்பதாகவும் நடத்தை நன்று என்றும் எழுதியிருக்கிறது. மச்சம் வாஸ்தவம். நடத்தையைப் பற்றித்தான் நேயர்களிடம் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் படித்தது புதுக்கோட்டை ஜில்லாவில் ஒரு மேல்நிலைப் பள்ளியில். பதினோராம் வகுப்பில் தமிழுக்கு முதல் பரிசு நமக்குத்தான். பரிசு பெற்றவர்களுக்குத் தலை சற்றுப் பின்பக்கமாகச் சாய்ந்திருப்பது வழக்கமல்லவா? நமக்கும் அப்படித்தான் சாய்ந்திருந்தது.

1991-ஆம் வருஷம் நமது ஜில்லாவில் அறிவொளி இயக்கம் ஆரம்பமாயிற்று. அதற்கு முந்தின வருஷம் கேரளத்தின் எர்ணாகுளம் ஜில்லா, நாட்டிலேயே முதன் முதலாக முழு எழுத்தறிவு பெற்ற ஜில்லா என்று பெயர் வாங்கியிருந்தது. தமிழ்நாட்டின் நிலைமையோ 1991-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஏழு வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 51 பேர்தான். அப்போது புதுக்கோட்டைக்குக் கலெக்டராக இருந்த ஸ்ரீமதி ஷீலா ராணி சுங்கத், இந்த இயக்கத்தில் மிகுந்த ஊக்கம் காட்டினார். கிராமம் கிராமமாகத் தொண்டர்களைத் திரட்டினார்கள். சம்பளம் கிடையாது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஒரு திண்ணையும் ஒரு விளக்கும் கிடைத்தால் அதுவே வகுப்பு.

தமிழ் உபாத்தியாயினி வகுப்பில் வந்து, "யார் யார் தொண்டு செய்ய வருகிறீர்கள்?" என்று கேட்டபோது முதலில் உயர்ந்தது நமது கைதான். தேசத் தொண்டில் கொண்ட ஆசை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் உண்மை வேறு. நம்மை விட வயதில் மூத்தவர்கள் நம்மை 'டீச்சர்' என்று அழைப்பார்கள் என்ற நினைப்பே அந்தக் கையைத் தூக்கியது.

பாடப் புத்தகத்தைத் திறந்ததும் முதல் ஏமாற்றம் காத்திருந்தது. அதில் 'அ'னாவைக் காணோம்! முதல் பாடத்தில் 'பட்டா', 'படி' என்ற சொற்கள் இருந்தன. முதல் பரிசு பெற்ற நமது தமிழறிவு இதை ஒப்பவில்லை. உபாத்தியாயினி சிரித்துக்கொண்டே சிலேட்டைக் கொடுத்து, "முதலில் 'அ' எழுது, பிறகு 'ட' எழுது. எது சுலபம்?" என்றார். அப்போதுதான் புரிந்தது. 'அ' எத்தனை வளைவுகள் கொண்ட எழுத்து! 'ட'வும் 'ப'வும் இரண்டு மூன்று நேர்கோடுகள். அதுவரை குச்சி பிடித்திராத கைக்கு அதுதான் நியாயமான வாசல். தவிர, பட்டா என்பது நிலத்தின் உரிமை. அது என்னவென்று அறியாத குடியானவப் பெண் கிடையாது. தெரிந்த பொருளைக் கொண்டு தெரியாத எழுத்துக்குப் போவது என்ற வித்தையை அன்றுதான் கற்றோம்.

நமது வகுப்பில் பத்துப் பெண்கள். பெரும்பாலோர் கல்குவாரியில் ஜல்லி உடைப்பவர்கள். அவர்களில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவரை நாம் அத்தை என்று அழைப்போம். அவர் நம்மைத் 'தாயி' என்பார்.

ஒன்பதாம் நாள், அத்தை சிலேட்டில் 'படி' என்று எழுதினார். 'டி'யின் மேலே வர வேண்டிய சுழி கீழே தொங்கிக்கொண்டிருந்தது. "என்ன அத்தை, எழுத்தைச் சம்மட்டியால் அடித்து விட்டீர்களா?" என்று கேட்டு நாம் சிரித்தோம். பத்துப் பேரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார். பிறகு முந்தானையால் சிலேட்டைத் துடைத்து, ஓரமாக வைத்தார்.

மறு நாள் அவர் வரவில்லை. அதற்கு மறு நாளும் வரவில்லை. வருகைப் பதிவைப் பார்த்த உபாத்தியாயினி காரணம் கேட்டார். "அவருக்கு அக்கறை இல்லை, டீச்சர்" என்றோம்.

"அக்கறை யாருக்கு இல்லை என்று நேரில் போய்ப் பார்த்து விட்டு வா" என்றார் அவர்.

போனோம். சிறிய மண் வீடு. அத்தை அடுப்படியில் இருந்தார். உள்ளே கால் வைத்ததும் சுவரைப் பார்த்துத் திகைத்து நின்றோம். சுவர் முழுவதும் கரிக்கோடுகள்! நாலு நாலாக நின்ற கோடுகளின் மேல் குறுக்கே ஒரு கோடு, இடையிடையே வட்டங்கள். கேட்டதற்கு, ஒரு லோடு ஜல்லிக்கு ஒரு கோடு, முன்பணம் வாங்கினால் ஒரு வட்டம் என்றார் அத்தை. எந்த வாரத்தில் எத்தனை லோடு, எவ்வளவு கூலி பாக்கி என்று நாம் கேட்கக் கேட்க மூச்சு விடாமல் சொன்னார். கணக்குப் பரீட்சையில் நாம் வாங்கிய மதிப்பெண்ணை இந்த இடத்தில் வெளியிட விரும்பவில்லை.

எழுத்தறியாதவர் என்று நாம் எண்ணியிருந்தவர் ஒரு சுவர் நிறைய எழுதி வைத்திருந்தார்! அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் நாம்தான்.

"இவ்வளவு கணக்கு இருக்கும்போது பாடம் எதற்கு, அத்தை?" என்று கேட்டோம்.

"என் சுவரு ஒண்ணு சொல்லுது, தாயி. குத்தகைக்காரர் நோட்டு ஒண்ணு சொல்லுது. சுவரைத் தூக்கிட்டுப் போயி அங்கே காட்ட முடியுமா? அந்த நோட்டைப் படிக்கணும்னுதான் வந்தேன். நீ பத்துப் பேருக்கு நடுவிலே சிரிச்சுட்டே."

தமிழில் முதல் பரிசு வாங்கிய நமக்கு அந்தச் சமயத்தில் ஒரு வார்த்தையும் அகப்படவில்லை. கடைசியில், "தப்புத்தான், அத்தை" என்று மட்டும் சொன்னோம். மறு நாள் அவர் வந்தார். அன்று பாடப் புத்தகத்தின் வரிசையைச் சிறிது ஒதுக்கி வைத்து விட்டு, இலக்கங்களை எடுத்தோம். ஒரு கோட்டுக்கு 1. குறுக்குக் கோடு போட்ட கட்டுக்கு 5. பத்துப் பெண்களும் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

சில மாதங்களுக்குப் பிறகு நமது கணக்கும் தீர்க்கப்பட்டது. எழுத்தோடு சைக்கிளும் கற்க வேண்டும் என்ற உற்சாகம் ஜில்லாவெங்கும் பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளிலும் ஏறினார்கள். நமது ஊரில் காய்ந்த கண்மாய்தான் மைதானம். டீச்சரான நமக்கும் சைக்கிள் தெரியாது! முதல் நாளே பாவாடை சங்கிலியில் மாட்டி, புழுதியில் குப்புற விழுந்தோம். கரையில் நின்ற பையன்கள் கை கொட்டிச் சிரித்தார்கள்.

அத்தை சிரிப்பாரென்று எதிர்பார்த்தோம். சிரித்திருந்தால் நியாயமாகவே இருந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. பையன்களை ஓர் அதட்டுப் போட்டு விட்டு, சம்மட்டி பிடித்துக் காய்த்த கையால் சைக்கிளின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "ஏறு, தாயி. இதுவும் எழுத்து மாதிரித்தான். நாலு நாள் கோணும், அப்புறம் நிமிரும்" என்றார்.

1992 ஆகஸ்டு மாதம் புதுக்கோட்டை, முழு எழுத்தறிவு பெற்ற ஜில்லாவாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பினால் எல்லாம் முடிந்து விட்டது என்று சொல்ல மாட்டோம். கையெழுத்தோடு நின்று விட்டவர்களும், கற்றதைப் பிற்பாடு மறந்தவர்களும் நமது வகுப்பிலேயே உண்டு. அத்தை மறக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, குத்தகைக்காரரின் நோட்டில் ஒரு வரியின் மேல் விரலை வைத்து, "இங்கே ரெண்டு லோடு குறையுது" என்றாராம். உடனே நியாயம் பிறந்து விடவில்லை. அடுத்த ஒரு வாரம் அவருக்கு வேலை கொடுக்கப்படவில்லை. பிறகு அழைத்தார்கள். அன்று முதல், லோடு எழுதும்போது அவர் பக்கத்திலேயே நின்று பார்த்தார், யாரும் தடுக்கவில்லை. அந்தக் காலத்தில்தான் நமது ஜில்லாவில் சில குவாரிகளைப் பெண்கள் குழுக்களே குத்தகைக்கு எடுத்து நடத்தத் தொடங்கின என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது.

பள்ளிக்கூடத்தில் நாம் கற்றவற்றில் பலவும் இன்று நினைவில் இல்லை. ரசாயனச் சமன்பாடுகள் போய் விட்டன. எஞ்சியிருப்பவை சில: கடைசி வரிசைக்கும் தெரியும்படி கரும்பலகையில் எழுதுவது, கத்தாமலே காதில் விழும்படி பேசுவது, ஒருவர் பதில் தேடும்போது குறுக்கே புகாமல் காத்திருப்பது, சைக்கிள் ஓட்டுவது. இவையெல்லாம் பரீட்சைக்கு வராத பாடங்கள்.

பிற்காலத்தில் நமக்கு வாய்த்ததும் உபாத்தியாயினி உத்தியோகமே. ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு குழந்தை 'டி'யின் சுழியைக் கீழே தொங்கவிட்டு, நம் முகத்தைப் பார்க்கிறது. சிரிப்பு உதடு வரையில் வருவதுண்டு. அந்தச் சமயம் ஒரு கரிக்கோட்டுச் சுவர் கண் முன்னே வந்து நிற்கும். "நாலு நாள் கோணும், அப்புறம் நிமிரும்" என்று சொல்லி, அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறோம்.

சான்றிதழில் 'நடத்தை நன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டவர் தலைமை ஆசிரியர். அத்தையிடம் கேட்டு எழுதினாரா என்பதுதான் தெரியவில்லை.