தரங்கம்பாடித் திண்ணை

மார்ச் 19

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. வலது கை பாதிதான் தூக்க முடிகிறது. பேச்சு போய்விட்டது. காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் பேசியே வாழ்ந்த மனிதர், தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைக் காட்டுகிறார். நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிகிறது, சொல்தான் வாய்க்கு வரவில்லை என்றார் டாக்டர். புரிகிறது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மார்ச் 20

தூக்கமில்லை.

மார்ச் 24

உள்ளறையில் படுக்க மாட்டேன் என்கிறார். விடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுகிறார். ஒரு ஓரத்தில் தலை சாய்க்கச் சரிவாகக் கட்டிய மேடு, அதில் முதுகை வைத்துத் தெருவைப் பார்க்கிறார். விசாரிக்க வருகிறவர்கள் முன்னால் அவரை இப்படி உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. பேச்சுப் பழக்க ஆஸ்பத்திரியில் படங்களை அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள்: பசு, குடை, கடிகாரம். காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

மார்ச் 29

இன்று முழுக்க அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறந்து வளர்ந்த கோல்ட்ஸ்மித் தெருதான். இத்தனை பேர் இதன் வழியாகப் போகிறார்கள் என்று இன்றுதான் கவனித்தேன். பால்காரர், டியூஷன் பிள்ளைகள், வலை தைக்க நூல் வாங்கப் போகிறவர், தொழுகைக்குப் போகும் பாய். எல்லாருக்கும் அப்பாவிடம் சொல்ல ஏதோ ஒன்று இருக்கிறது. மீன்காரக்கா அன்னக்கூடையைத் தலையிலிருந்து இறக்க யாரையும் கைகொடுக்கக் கூப்பிடவில்லை. திண்ணை அவர் மார்பளவு உயரம். லேசாகக் குனிந்து ஒரு தள்ளு, கூடை திண்ணையில் உட்கார்ந்துவிட்டது. கட்டியவர் இதையும் நினைத்துத்தான் உயரம் வைத்திருப்பார்.

ஏப்ரல் 5

அக்கா கூடையிலிருந்து கிழங்கா மீனை எடுத்து அப்பா முகத்துக்கு நேராக நீட்டினார். “வாத்தியாரே, நல்ல வஞ்சிரம். எடுத்துக்குங்க.”

அப்பா தலையை ஆட்டினார்.

“வஞ்சிரம்தான். நான் கடல்ல பொறந்தவ, எனக்குத் தெரியாதா?”

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. உதடு நடுங்கியது. “கி… கி… கிழங்கா.”

“தெரியுதில்ல? அப்புறம் என்ன!” கால் கிலோ அதிகமாகப் போட்டுவிட்டு அவர் போய்விட்டார். நான் அடுக்களைக்குப் போய் அழுதேன்.

ஏப்ரல் 9

பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மாலையில் ராஜ வீதி வரை நடந்தேன். 1792இல் டேனிஷ்காரர் கட்டிய நகர வாயில், சீயோன் தேவாலயம், 1718இல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயம், கவர்னர் பங்களாவின் பருத்த தூண்கள், கடல் ஓரத்தில் 1620இன் டேன்ஸ்போர்க் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கர் கொடுத்த இடம். 1845இல் டேனிஷ்காரர் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். இந்தத் தெருவின் அழகுக்காகத்தான் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். எனக்கும் பிடித்த தெரு. ஆனால் மதில்களைக் கடந்து கோட்டைக்குப் போய்ச் சேரும்வரை ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்பா வருடம் தவறாமல் மாணவர்களுக்குச் சொல்லும் கதை நினைவுக்கு வந்தது. 1706இல் இங்கே வந்து இறங்கிய பாதிரியார் சீகன்பால்கு, தமிழ் வாத்தியார் ஒருவரைத் தன் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். 1715இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு இதே ஊரில் அச்சேறியது. கடற்கரையில் ஒரு பை மணல் அள்ளிக்கொண்டு திரும்பினேன்.

ஏப்ரல் 10

தாம்பாளத்தில் மணல். இடது கையால் ‘அ’ எழுதினார்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. வேப்பம்பூப் பச்சடியைத் துப்பிவிட்டார். நாள் முழுவதும் ஒரு சொல் இல்லை.

ஏப்ரல் 16

நேற்று முதல் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், 61 நாள், மீன் இனப்பெருக்கத்துக்காக. நாட்டுப் படகுகள் கொண்டுவருவது கொஞ்சம், விலையும் ஏறிவிட்டது. மீன்காரக்கா வரவில்லை. அப்பா கூடை இறங்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 23

அக்காவைத் தேடி அவர் வீட்டுக்கே போனேன். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பு. எல்லாம் ஒரே அச்சு வீடுகள். ஆனால் ஒன்று கிளிப்பச்சை, அடுத்தது கத்தரிப்பூ, அதற்கடுத்தது ரோஸ். படகுக்கு அடித்து மிஞ்சிய நீல பெயிண்ட் பலர் வீட்டு ஜன்னலில் இருந்தது. வாசல்தோறும் ஒரு மேடை, அதில் பெண்கள் கருவாடு பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“வீடு குடுத்தப்ப இது இல்ல. நாங்களா சிமெண்ட் வாங்கிப் போட்டுக்கிட்டோம். உக்கார எடமில்லாம எப்படிம்மா இருக்கிறது?” என்றார். மீன் இல்லாவிட்டாலும் வாத்தியாரை வந்து பார்ப்பதாகச் சொல்லியனுப்பினார்.

ஏப்ரல் 24

வந்தார். “காரப்பொடி” என்று மீன் பேரைச் சொல்ல வைத்துவிட்டுப் போனார்.

மே 3

தம்பி சென்னையிலிருந்து போன். திண்ணையை இடித்து, கிரில் போட்டு, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அப்பாவைக் கூட்டிப்போகலாம் என்கிறான். “தெருவில் உட்கார வைத்து எல்லாருக்கும் வேடிக்கை காட்டுகிறாயா?” என்று கேட்டான். சுருக்கென்றது. ஆனால் அங்கே பேச்சுப் பயிற்சி தினமும் கிடைக்கும், இங்கே வாரம் ஒருமுறை மயிலாடுதுறைக்கு பஸ் ஏற வேண்டும். அதை என்னால் மறுக்க முடியவில்லை.

மே 6

கொத்தனார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். முன்பு சிமெண்ட் பூசிய இடமெல்லாம் உப்புப் பூத்து, உள்ளே செங்கல் பொடிகிறது. சுண்ணாம்புச் சுவர் என்றால் கடல் ஈரம் ஏறினாலும் வெளியே காய்ந்துவிடும், சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடுகிறது என்றார். சுனாமிக்குப் பின் இன்டாக் அமைப்பு இதே தெருவில் சில வீடுகளைச் சுண்ணாம்பு, நாட்டு ஓடு, மரத்தூண் என்று பழைய முறையிலேயே புதுப்பித்தது. அதில் நம் வீடு இல்லை. சுண்ணாம்பு வேலைக்கு ஆளும் குறைவு, செலவும் அதிகம். இடிப்பது சுலபம்.

மே 8

ஞாயிற்றுக்கிழமை தம்பி வருகிறான். அவனிடம் எதையும் வாதாடப் போவதில்லை. காலை எட்டு மணிக்கு அப்பா பக்கத்தில் திண்ணையில் உட்காரச் சொல்வேன். அதன் பிறகும் சென்னைதான் என்றால், அப்பாவையே கேட்போம். அவருக்கு இப்போது ‘மாட்டேன்’ சொல்ல வருகிறது. ‘சரி’யும் வருகிறது. எதைச் சொல்வார் என்று எனக்குத் தெரியாது.