மச்சைத் தட்டிப் பார்ப்பவர்

திண்டுக்கல் நாகல்நகரில் நண்பரின் பூர்வீக வீடு மங்களூர் ஓடு வேய்ந்தது. ஓட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் நடுவே பலகை பரப்பிய மச்சு. ஒரு காலத்தில் நெல் மூட்டையும் புளிப்பானையும் கிடந்த அந்த இடத்தை மகளுக்குப் படிப்பறையாக்க நினைக்கிறார். பார்க்க வந்த ஒருவர், இடித்துவிட்டுக் கான்கிரீட் போடச் சொல்லிவிட்டுப் போனாராம். "எங்க ஆசாரி பார்க்கட்டும், நீங்களும் வாங்க" என்று நண்பர் அழைத்தார்.

ஆசாரிக்கு அறுபதைத் தாண்டிய வயது. டேப்பை எடுக்கும் முன் மரம் செதுக்கும் வாய்ச்சியைத்தான் எடுத்தார். அதன் பின்புறத்தால் விட்டத்தை நெடுகத் தட்டிக்கொண்டே போனார். நடுவில் கணீரென்று கேட்டது. சுவருக்குள் நுழையும் முனையில் சத்தம் மொத்தென்று விழுந்தது. நீள ஆணி ஒன்றை வைத்து அழுத்தினார், சிரமமில்லாமல் இறங்கியது.

"நடுமரம் நல்லாத்தான் இருக்கும் தம்பி. சுவத்துக்குள்ள போற முனைதான் கவுத்துரும்."

ஐப்பசி மழையில் சுவர் குடிக்கும் ஈரம் காற்றுப்படாத அந்த முனையில்தான் தங்குகிறது. கரையானும் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. முழு விட்டத்தையும் மாற்றத் தேவையில்லை, சுவரை ஒட்டிக் கருங்கல் தூண் நிறுத்தி, நல்ல மரத்தில் தாங்கல் கொடுத்தால் போதும் என்றார்.

அந்த வாய்ச்சி அவருடைய அப்பாவுடையது; கருவேலங்காம்பு கைபட்டுக் கைபட்டு மினுமினுத்தது. வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கமெல்லாம் அப்பாவோடு போய்க் கூரை ஏற்றியிருக்கிறார். கைமரத்துக்கு முற்றிய பனையைத் தேர்ந்து, உள்ளே இருக்கும் சோற்றைச் செதுக்கித் தள்ளிவிட்டு, கருத்த வைரத்தை மட்டும் வைத்துக்கொள்வார்களாம். செதுக்கியதெல்லாம் இந்த வாய்ச்சிதான். இன்று அவருக்குக் கிடைப்பது பிளைவுட் அலமாரி வேலை. அதற்கு வாய்ச்சி வேண்டாம். செங்கல் சூளைகளுக்குப் பனைகள் விறகாகப் போனபிறகு, 2021இல் தமிழக அரசு பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தது. நல்ல அறிவிப்பு. கைமரம் வேண்டுமானால் இனி பழைய வீடுகள்தான் கதி.

 மச்சு தாங்க வேண்டிய பாரத்தைப் பற்றி ஆசாரி சொன்னதுதான் முக்கியம். "மூட்டை சுவரோரமா அசையாம கிடந்துச்சு. இனிமே ஆளு நடக்கும், கட்டில் வரும், புத்தகம் ஏறும்." ஆகவே குறுக்குக் கட்டைகளுக்கு இடையில் இன்னொரு வரிசை கட்டை வேண்டும். குடியிருக்கும் அறைக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், ஏறக்குறைய 200 கிலோ, என்று இந்தியத் தரநிலை 875 சொல்கிறது. கட்டையின் அளவை முடிவுசெய்யும் முன் அந்தக் கணக்கையும் போட்டுவிட நண்பர் ஒப்புக்கொண்டார். ஓட்டுக்கு அடியில் ஜிப்சம் சீலிங் அடிக்கும் யோசனையை ஆசாரி உடனே மறுத்தார். ஓட்டிடுக்கு வழியாக வெக்கை வெளியேறுவதை அடைத்துவிட்டால் சித்திரையில் அந்தப் பெண் எப்படி உட்கார்ந்து படிப்பாள்?

இப்படிப் பார்த்துச் சொல்வதற்கு அவருக்கு வழக்கமாகக் கூலி கிடையாது. மரத்தில் கைவைக்கும் நாளுக்குத்தான் சம்பளம். ஆனால் பழைய வீடுகளை இடிக்கும் ஒப்பந்தக்காரர் மொத்தமாக ஒரு விலை பேசி, தேக்கு விட்டங்களைக் கனஅடிக் கணக்கில் விற்கிறார். வாரிசுகளுக்கு மரத்தின் மதிப்பு தெரியாது. தெரிந்த ஆசாரியை யாரும் கூப்பிடுவதில்லை. மூன்று தலைமுறையைத் தாங்கிய மரத்தை அரைமணியில் விலைபேசி முடிப்பதை வியாபாரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இடிக்கும் முன் ஓர் ஆசாரிக்கு ஒரு நாள் கூலி கொடுத்து மரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கூலி உங்களுக்கே பலமடங்காகத் திரும்பும்.

நண்பர் அன்றே பார்வைக்கூலி என்று தனியாகக் கொடுத்தார். வாங்கத் தயங்கியவர், பிறகு மடித்து வைத்துக்கொண்டு, பழனி சாலையில் ஒரு வீடு இடிபடுவதாகச் சொன்னார். லாரியில் ஏற்றத் தோதாக நீள மரங்களைத் துண்டு போட்டுவிடுவார்களாம். அதற்குள் போய் நமக்கு வேண்டியதைச் சுண்ணாம்பால் குறி போட்டு வைக்க வேண்டும் என்று நண்பரை வண்டியை எடுக்கச் சொன்னார்.