அம்மாவின் ஓவர்லாக்

பனியன் கம்பெனியில் 19 வருடம் டெய்லராக இருந்த என் அம்மாவுக்கு ஒரு சட்டை தைக்கத் தெரியாது. இதைச் சொன்னால் கல்லூரியில் யாரும் நம்புவதில்லை. திருப்பூர்க்காரர்கள் மட்டும் தலையசைப்பார்கள். அம்மா ஓவர்லாக் டெய்லர். அதிலும் பெரும்பாலும் சைடு அடிப்பதுதான் வேலை. அக்குளில் தொடங்கி இடுப்பில் முடியும் ஒரு கோடு, திருப்பிப் போட்டு இன்னொரு கோடு. கைமடிப் பெண் அடுக்கித் தர, அம்மா அடித்துத் தள்ளுவாள். பீஸ் அடுத்த மெஷினுக்குப் போய்விடும். கழுத்துப் பட்டி வேறொருவர், கீழ்மடிப்பு பேட்லாக் டெய்லர். முழுசான சட்டையை அவள் பார்த்ததெல்லாம் செக்கிங் டேபிளைத் தாண்டிக் கழிப்பறைக்குப் போகும்போதுதான்.

சாதாரணத் தையல் மெஷினில் மேலே ஒரு நூல், கீழே பாபினில் ஒரு நூல். ஓவர்லாக்கில் பாபின் கிடையாது. அம்மா ஓட்டியது இரண்டு ஊசி, இரண்டு லூப்பர், நாலு கோன் நூல் கொண்டது. லூப்பர்கள் துணியின் ஓரத்தைச் சுற்றி நூலைப் பின்ன, அதற்குச் சற்று முன்னால் ஒரு கத்தி பிசிறை வெட்டிக்கொண்டே போகும். வெட்டுவது, சேர்ப்பது, ஓரம் பிரியாமல் கட்டுவது மூன்றும் ஒரே ஓட்டத்தில் முடியும். தையல் பின்னலாக இருப்பதால் துணியோடு சேர்ந்து இழுபடும். பனியனுக்கு அதுதான் வேண்டும். 1880-களில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில், பின்னலாடை ஆலை நடத்திய மெரோ குடும்பத்தார் உருவாக்கிய மெஷின் இது. வீட்டு மேசையில் வைக்கிற சிறிய வகை 1960-களில் ஜப்பானில் வந்தது. அதற்குப் பிறகு பல நாடுகளில் பெண்கள் தலையணை உறையும் திரைச்சீலையும் ஒட்டுத்துணிப் போர்வையும் அதில் தைக்கிறார்கள். எங்களுக்கு அது கம்பெனிச் சாமான். வீட்டுக்குள் வரும் என்று நாங்கள் நினைத்ததில்லை.

திருப்பூரைப் பற்றி ஷரத் சாரி எழுதி 2004-இல் வெளியான ஆய்வு நூலின் துணைத்தலைப்பிலேயே 'சுயமாய் முன்னேறிய ஆண்கள்' என்ற தொடர் உண்டு. மெஷினில் உட்கார்ந்து, கான்ட்ராக்ட் எடுத்து, பிறகு முதலாளி ஆனவர்களின் கதை எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு கிடைக்கும். அதே மெஷினில் உட்கார்ந்த பெண்கள் முன்னேறிய கதையை நான் கேட்டதில்லை. அம்மா தோள்வலியோடுதான் வீடு வந்து சேர்ந்தாள். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போன வருடம் வேலையை விட்டாள்.

எனக்கு வேலை கிடைத்து இரண்டாம் வருடம் அவளுக்கு ஒரு வீட்டு ஓவர்லாக் வாங்கிக் கொடுத்தேன். பெட்டியைப் பிரித்ததும் சிரித்துவிட்டாள். "என்ன கண்ணு, பொம்மையாட்ட இருக்குது!" கம்பெனி மெஷின் நிமிடத்துக்கு 5000 தையலுக்கு மேல் ஓடும். இது சுமார் 1300. ஆனால் அன்று மாலை அந்தப் பொம்மை முன்னால் அம்மா திகைத்து உட்கார்ந்திருந்தாள். நூல் கோர்க்கத் தெரியவில்லை.

கம்பெனியில் கோன் தீர்ந்தால் புது நூலைப் பழைய நூலோடு முடிச்சுப் போட்டு இழுத்துவிடுவார்கள். நூல் அறுந்து லூப்பருக்குள் போய்விட்டால் மெக்கானிக் வருவார். தையல் தளர்ந்தால், இறுகினால், அதற்கும் அவர்தான். டென்ஷன் திருகில் டெய்லர் கை வைத்தால் திட்டு விழும். 19 வருடம் முகத்துக்கு நேராக இருந்த திருகை அவள் ஒருமுறைகூடத் திருப்பியதில்லை.

விளக்கப் புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து இருவரும் கோர்த்தோம். முதலில் மேல் லூப்பர், பிறகு கீழ் லூப்பர், கடைசியில் ஊசிகள். வரிசை மாறினால் நூல் அறுந்துவிடும். மூன்றாம் நாள் அம்மா புத்தகத்தை மூடி வைத்தாள். நாலு திருகையும் ஒவ்வொன்றாகக் கூட்டியும் குறைத்தும் துண்டுத் துணியில் ஓட்டினாள். "இத்தன வருசம் இது எதுக்குன்னே எனக்குத் தெரியாது பாரு" என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

கிலோக் கணக்கில் விற்கிற பனியன் கட்டிங் வேஸ்ட்டை வாங்கி வந்து போர்வை தைக்கத் தொடங்கினாள். பனியன் துணி ஓரம் சுருண்டுகொள்ளும், தைத்தால் அலை அலையாக நெளியும். மெஷினின் அடியில் துணியைத் தள்ளும் பற்கள் இரண்டு வரிசை. பின்பல்லைவிட முன்பல் அதிகம் தள்ளும்படி திருப்பி வைத்தால் நெளிவு அடங்கும். பழைய காட்டன் சேலையைக் கிழித்து நடுத்துணி ஆக்கினாள். முதலில் மேல்பட்டி, நடுப்பட்டி, அடிப்பட்டி என்று மூன்று அடுக்கு. அதன் ஓரத்தில் அடுத்த மேல்பட்டியை மேலேயும் அடுத்த அடிப்பட்டியைக் கீழேயும் கவிழ்த்து வைத்து, நடுத்துணியையும் சேர்த்து ஒரே ஓட்டாக அடித்து, இருபுறமும் பிரித்துவிட்டால் தையல் உள்ளே மறைந்துவிடும். ஒட்டுவதும் மெத்தைபோலத் தைப்பதும் ஒன்றாக முடிந்துவிடுகிறது. குண்டூசி குத்தக் கூடாது, கத்தியில் பட்டால் கத்தி போய்விடும். கொடியில் துணி காயப்போடும் கிளிப்புகளை மாட்டி, மெஷின் நெருங்கும்போது ஒவ்வொன்றாக எடுத்தாள். தப்பான தையலை உருவிவிடலாம். கத்தி வெட்டிய துணி திரும்ப வராது. அப்படி இரண்டு பட்டிகள் போயின.

போர்வையின் படத்தைத் துறையில் காட்டினேன். "அழகா இருக்கு. ஆனா மெஷின் தையல்தானே?" என்றார் ஒருவர். அமெரிக்காவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன. வரவேண்டியவைதான். ஆனால் கையால் தைத்தால் கலை, கம்பெனி மெஷினில் தைத்தால் கூலி, வீட்டு மெஷினில் தைத்தால் பொழுதுபோக்கு என்று பிரித்து வைத்தது யார்? ஒரு ஷிப்டில் நூற்றுக்கணக்கான பீஸை ஒரு நூல் விலகாமல் வளைவில் திருப்பிய அந்தக் கைதானே இந்தப் போர்வையிலும் இருக்கிறது?

அப்பாவுக்கு வேறு யோசனை. "மெஷின் சும்மாதான கெடக்குது, பீஸ் வாங்கியாந்து தர்றேன், அடிச்சுக் குடு" என்றார். அம்மா பட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வாங்கியாங்க. நூலு யாருது, கரண்டுக்கு யாரு கட்டறது, ரேட்டு யாரு பேசறதுன்னும் கேட்டுட்டு வாங்க." அப்பா பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் நைட்டி ஓரம் அடிக்க வருகிறார்கள். அவர்களுக்கு அம்மா வைத்ததுதான் ரேட்டு. யாருக்குக் குறைப்பது என்பதும் அவள் முடிவு.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். காலைச் சமையல் இன்னும் அவளுடையதுதான். மெஷின் அடுப்படியில் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. தோள் வலிக்கிறது.

எங்கள் லைன் வீட்டில் கைமடி வேலைக்குப் போகிற ஒரு பெண் இருக்கிறாள். மெஷின் பழகினால் டெய்லர் ஆகலாம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். போன வாரம் அவள் வந்ததும் அம்மா நாலு நூலையும் முழுசாக உருவி எடுத்து, திருகுகளையும் தாறுமாறாகத் திருப்பிவிட்டு எழுந்தாள்.

"உக்காரு சாமி. மொதல்ல இதச் சரி பண்ணு. தையல் அப்பறம்."