விடிந்தால் கணிதம்

விடிந்தால் கலியாணம் என்னும் வேளையிற் பாக்குத் தேடப் புறப்படுவோரைப் பழமொழி கேலி செய்கிறது. பரீட்சைக்கு முந்திய இரவில் பல்கலைக்கழக விடுதிகளைச் சுற்றிப் பார்ப்பவருக்கு அக்கேலி நினைவுக்கு வராதிருக்க முடியாது. ஆயினும் எல்லாப் பாடங்களின் முன்னிரவும் ஒரே தன்மையுடையன அல்ல. வரலாற்றுக்கோ அரசறிவியலுக்கோ விழித்திருந்து படிப்பவனிடம் சொற்கள் உள்ளன. ஒரு காரணம் மறந்துபோனால் மற்றொன்றை நீட்டி எழுதலாம். ஆண்டு மறந்துபோனால் நூற்றாண்டைக் குறிப்பிட்டுத் தப்பலாம். கணிதத்தில் இத்தகைய சலுகை கிடையாது. இரண்டாவது வரி தெரியாதவனுக்கு மூன்றாவது வரி இல்லை; தாள் வெறுமையாகவே கிடக்கும். கலைப்பீட மாணவன் கணிதப் பரீட்சைக்கு அஞ்சுவதாகச் சொல்லும்போது, அவன் அஞ்சுவது இலக்கங்களுக்கு அன்று, அந்த வெறுமைக்கே என்பது என் எண்ணம்.

எம்மிற் பெரும்பாலோர் கணிதத்திடம் விடைபெற்றது க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையோடு. உயர்தரத்திற் கலைப்பிரிவைத் தெரிந்ததும் முக்கோணங்களும் மடக்கைகளும் பழைய கொப்பிகளோடு பரணில் ஏறிவிட்டன. நான்கைந்து ஆண்டுகள் கழித்துப் பொருளியல் கற்கலாமென்று வந்தால், வாசலிலே அதே கணிதம் நிற்கிறது. அதுவும் தனியாக அன்று. வகையீடு, தாயம், துணிகோவை, நிகழ்தகவு, செவ்வன் பரம்பல், பிற்செலவு என்று புதிய சுற்றத்தார் பலரையும் அழைத்துக்கொண்டு நிற்கிறது. தாயம் என்ற சொல்லை அதுவரை உருட்டி விளையாடும் இடத்தில் மாத்திரமே கேட்டிருந்த எமக்கு, அது நிரைகளும் நிரல்களுமாக அடைப்புக்குள் அடைபட்டிருப்பதைக் காண வியப்பாக இருந்தது. பரீட்சை நெருங்க நெருங்க இரண்டிலும் அதிர்ட்டத்தின் பங்கு ஏறக்குறைய ஒன்றுதான் என்று தோன்றியது வேறு விடயம். விளக்கமான நூல்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழகத்து நூலொன்றை எடுத்தால் எங்கள் தாயம் அங்கே ‘அணி’ என்றும், எங்கள் நியம விலகல் ‘திட்ட விலக்கம்’ என்றும் வேறு பெயர் பூண்டிருக்கும். ஆகவே, எஞ்சியிருக்கும் ஓரிரவுக்குள் கற்பதோடு மொழிபெயர்ப்பும் நடந்தாகவேண்டும்.

இந்த இக்கட்டிற் கைகொடுப்பது குப்பி வகுப்பு. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்த காலத்திலிருந்து வந்த பெயர் என்பர். இன்று விளக்கு இல்லை, பெயர் மாத்திரம் நிலைத்துவிட்டது. விடுதியின் பொது அறையில் ஒரு கரும்பலகை, வெறுந்தேநீர், சென்ற ஆண்டுகளின் வினாத்தாள்கள், தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் இருபதின்மர். சம்பளமில்லாத இந்த ஆசிரியருக்குப் பட்டமில்லை. ஆனால் நாம் எந்த வரியிலே தடுமாறுவோம் என்பது அவருக்குத் தெரியும். சென்ற ஆண்டு அவரும் அந்த வரியிலேதான் நின்றிருக்கிறார்.

எங்களுக்குக் கற்பித்தவர் ஓராண்டு மூத்த அண்ணா ஒருவர். நான்கு தாள்களிற் சூத்திரங்களை எழுதி வைத்திருந்தார். இரவு பத்து மணிக்குத் தொடங்கி, ஒவ்வொரு சூத்திரத்துக்கும் ஒரு பழைய வினா என்ற கணக்கில் விரைந்துகொண்டிருந்தோம். நியம விலகலுக்கு வந்தபோது வன்னியிலிருந்து வந்த நண்பன் ஒருவன் இடைமறித்தான்.

“ஏன் அண்ணா வர்க்கிக்கிறது? குறியை விட்டிட்டுக் கூட்டினாற் காணாதா?”

அறையிற் சலசலப்பு எழுந்தது. இன்னும் மூன்று அலகுகள் எஞ்சியிருந்தன. “அதைப் பாடமாக்கிக்கொண்டு போ மச்சான்” என்றது ஒரு குரல். அண்ணா ஒரு கணம் யோசித்தார். பின் கரும்பலகையைத் துடைத்துவிட்டு, இரண்டு பஸ்கள் தாமதித்த நிமிடங்களை எழுதினார். முதலாவது பஸ் நான்கு நாட்களில் 3, 3, 7, 7. இரண்டாவது பஸ் 5, 5, 1, 9. இரண்டுக்கும் இடை 5. விலகல்களை அப்படியே கூட்டினால் இரண்டிலும் பூச்சியம். மேலதிகமும் குறைவும் ஒன்றையொன்று தின்றுவிடும். நண்பன் சொன்னவாறு குறியை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் இரண்டுக்கும் 2. “அதுவும் ஓர் அளவுதான், தம்பி. பிழையில்லை. ஆனால், பரீட்சை நாளண்டு எந்தப் பஸ்ஸை நம்பிப் போவாய்?” என்று கேட்டார். வர்க்கித்துப் பார்த்தபோது முதலாவதன் நியம விலகல் 2. இரண்டாவதன் நியம விலகல் ஏறக்குறைய 2.83. வர்க்கிக்கும்போது பெரிய விலகல் தன் அளவுக்கு மீறிய பாரத்தைப் பெறுகிறது. ஒன்பது நிமிடம் காக்கவைத்த அந்த ஒரு நாள் அவ்வெண்ணுக்குள்ளே மறையாமல் நிற்கிறது.

இதற்கு அரைமணி நேரம் சென்றது. பிற்செலவை ஓட்டமாகவே கடந்தோம். மறுநாள் வினாத்தாளில் நியம விலகலைக் கணிக்கும்படிதான் கேட்டிருந்தார்கள். ஏன் வர்க்கிக்கிறோம் என்று எவரும் கேட்கவில்லை. நான்கு தாள்களைப் பாடமாக்கியிருந்தவனுக்கும் அந்த அரைமணி நேரத்தைச் செலவிட்டவனுக்கும் அவ்வினாவிற் கிடைக்கக்கூடிய புள்ளி ஒன்றே.

நான்கு தாள்களை இகழ்வதற்கு எனக்கு மனமில்லை. 1903 இற் கும்பகோணத்துப் பள்ளி மாணவனாயிருந்த இராமானுசனின் கைக்குக் கிடைத்த நூலும் ஒருவகையில் அத்தகையதே. கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சைக்கு மாணவரைத் தயார்ப்படுத்திய கார் என்னும் ஆசிரியர், நிறுவல்களைச் சுருக்கியும் விட்டும், ஆயிரக்கணக்கான முடிவுகளை நிரைப்படுத்தித் தொகுத்தது அது. பரீட்சைக்கு விரைபவனுக்காக எழுந்த நூல், விரையாத ஒருவனிடம் அகப்பட்டது. விடப்பட்டிருந்த ‘ஏன்’கள் அனைத்தையும் அவர் தாமே தேடினார். அவரிடம் ஆண்டுகள் இருந்தன. எம்மிடம் இருந்தது விடியும்வரை.

கடைசி நேரப் படிப்புப் பயனற்றது என்று சொல்பவர்களும் முழு உண்மையைச் சொல்லவில்லை. றோறர், டெய்லர் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் 2006 இல் வெளியிட்ட ஆய்வொன்றிற் பத்துக் கணக்குகளை ஒரே அமர்விற் செய்த மாணவரையும், அவற்றை ஐந்தைந்தாகப் பிரித்து ஒரு வார இடைவெளியிற் செய்த மாணவரையும் ஒப்பிட்டனர். ஒரு வாரத்தின் பின் சோதித்தபோது இரு சாராருக்கும் பெரிய வேறுபாடில்லை. நான்கு வாரத்தின் பின் சோதித்தபோதோ பிரித்துச் செய்தவர்கள் ஏறக்குறைய இருமடங்கு புள்ளி பெற்றனர். விடிந்தாற் பரீட்சை என்பவனுக்கு ஒரே இரவிற் படிப்பது மூடத்தனமன்று என்பதற்கும், அடுத்த ஆண்டிற் பொருளாதார அளவியல் விரிவுரைக்குச் சென்று அமரும்போது அவனிடம் எதுவும் எஞ்சியிராது என்பதற்கும் ஒரே ஆய்வு சான்றாகிறது. பரீட்சை மறுநாள் எழுதியதை மாத்திரமே அளக்கும்வரை முன்னிரவுகள் ஒழியப்போவதில்லை. மாணவனின் சோம்பலை மட்டும் கண்டிப்பவர்கள் இதையும் எண்ணிப்பார்ப்பது நல்லது.

என்னைக் கேட்டால், அன்றிரவு பாடமாக்கிய துணிகோவை விதிகளில் ஒன்றேனும் இப்போது முழுமையாக நினைவில் இல்லை. இரண்டு பஸ்கள் மாத்திரம் அப்படியே இருக்கின்றன.

நான்கு தாள்களும் இப்போது என்னிடம் இருக்கின்றன. வரும் பருவத்துக் குப்பியை நானும் அந்த வன்னி நண்பனும் எடுக்கவேண்டும் என்று முதலாண்டு மாணவர் சிலர் வந்து கேட்டனர். பரீட்சைக்கு மூன்று வாரம் முன்னதாகத் தொடங்குவோம், வாரம் இருமுறை, ஒரு நாளைக்கு ஒரு சூத்திரம் போதும் என்றோம். எல்லோரும் தலையசைத்தார்கள். ஒருவன் மாத்திரம் வாசல்வரை சென்று திரும்பிவந்து, “அண்ணா, கடைசி நாளும் ஒருக்கால் வைப்பியள்தானே?” என்று கேட்டான்.

வைப்போம் என்றுதான் சொன்னோம்.