உபயம்

சீரங்கத்தில் ஒரு சின்னப் பெண்கள் அமைப்புக்கு நான் மனு எழுதுகிறவள். பதவியின் பெயர் வேறு; வேலை இதுதான். திங்கட்கிழமைகளில் திருச்சி ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே, குறைதீர்க்கும் நாளுக்கு வருகிறவர்களுக்காக மனு எழுதித் தருபவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வந்தவர் சொல்வதைக் கேட்டு, அதை அதிகாரிக்குப் பழகிய மொழியில் மாற்றி, கீழே கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார்கள். நான் அதையே லேப்டாப்பில் செய்கிறேன். என் மனு ஓர் அறக்கட்டளைக்கோ, ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்புப் பிரிவுக்கோ, வேறு ஊரில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் முகம் தெரியாத ஒருவருக்கோ போகிறது.

எங்கள் அமைப்பில் இருப்பவர்கள் பூக்கட்டுகிற பெண்கள், வீட்டுவேலைக்குப் போகிற பெண்கள். சாத்தார வீதிப் பூச்சந்தையிலிருந்து வரும் உதிரிப்பூவை வாசல் திண்ணையில் உட்கார்ந்து கட்டிக் கொடுத்துக் கூலி வாங்குகிறவர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு படிப்பு மையம் நடத்துகிறோம். வீட்டில் அடி வாங்கும் பெண் போலீசுக்கோ கோர்ட்டுக்கோ போக வேண்டுமென்றால் கூடப் போகிறோம். இரண்டு அறைக்கு வாடகை, மூன்று பேருக்குச் சம்பளம். மொத்தச் செலவும் அவ்வளவுதான். அந்தப் பணத்துக்காகத்தான் நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

இணையத்தில் கொடுக்கிறவரும் கேட்கிறவரும் சந்திக்கும் இடங்கள் இன்று நிறைய. கிவ்இந்தியா 2000இல் தொடங்கியது. மிலாப் 2010இல், கெட்டோ 2012இல். அமெரிக்காவில் குளோபல்கிவிங் 2002இலிருந்து இருக்கிறது. அரசாங்கமே என்ஜிஓ தர்ப்பண் என்ற தளத்தை வைத்திருக்கிறது. தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தில், வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவர்கூடத் தன் ஊர் அரசுப் பள்ளிக்கு இணையம் வழியே பணம் கொடுக்கலாம். நல்ல விஷயம். முன்பு ஓர் அமைப்புக்கு நிதி கிடைக்க வேண்டுமென்றால் பெரிய மனிதர் ஒருவரைத் தெரிந்திருக்க வேண்டும். அவர் வீட்டு வராந்தாவில் காத்திருக்க வேண்டும். பெண்கள் தனியாகப் போய்க் காத்திருக்க முடியாத வராந்தாக்களும் இருந்தன. இன்று அந்த வராந்தா இல்லாமல் நேராகக் கேட்க முடிகிறது. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் தளத்துக்குள் நுழைவதற்கே ஏழெட்டு வாசல்கள். முதலில் சங்கமாகவோ டிரஸ்டாகவோ பதிவு; சங்கமென்றால் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. பிறகு பான் அட்டை, வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி. இவை இரண்டும் முன்பு ஒருமுறை வாங்கினால் போதும். இப்போது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தர்ப்பண் எண். கம்பெனிப் பணம் வேண்டுமென்றால், 2021 ஏப்ரலிலிருந்து சிஎஸ்ஆர்-1 படிவம். வெளிநாட்டுப் பணமென்றால் எஃப்சிஆர்ஏ பதிவு. அதற்கு மூன்றாண்டு அனுபவமும் அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்த கணக்கும் வேண்டும். பணம் டெல்லி நாடாளுமன்றத் தெருவில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையின் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். 15 லட்சம் செலவு செய்ய முடிந்த அமைப்புக்கு அந்தப் பணம் ஏற்கெனவே எங்கிருந்தோ வந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

2020 செப்டம்பரில் அந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது இன்னொன்றும் நடந்தது. அதுவரை பெரிய அமைப்புகள் வெளிநாட்டு நிதியை வாங்கி, அதில் ஒரு பங்கை எங்களைப் போன்ற சின்னக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. திருத்தத்துக்குப் பின் ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது. தணிக்கையாளர் வைத்துக்கொள்ள வசதியில்லாத, ஆங்கிலத்தில் அறிக்கை எழுத ஆளில்லாத குழுக்கள்தான் அப்படி வாழ்ந்துகொண்டிருந்தன. அவற்றில் பல, பெண்கள் தங்களுக்குள் கூடி நடத்தியவை.

இவ்வளவு வாசலும் தாண்டி உள்ளே போனால் படிவம் இருக்கும். படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். கணவன் அடித்ததை ‘பாலின அடிப்படையிலான வன்முறை’ என்று மாற்றுவேன். பூக்கட்டுவது ‘வீடுசார் முறைசாரா உழைப்பு’ ஆகிவிடும். அந்தச் சொற்கள் பொய்யில்லை. பெண்ணிய இயக்கம் பல பத்தாண்டுகள் போராடி உண்டாக்கிய சொற்கள்தான். ஆனால் அவை யாரைப் பற்றியவையோ அவர்களால் அவற்றைப் படித்துச் சரிபார்க்க முடியாது. படிவத்தின் கடைசியில், ஏறக்குறைய எல்லாத் தளங்களிலும், ஒரே கேள்வி வரும்: ஒரு பயனாளியின் கதை, படத்துடன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு படிப்பு மையத்தின் வாடகைக்காக இப்படி ஒரு படிவம் நிரப்பினேன். எங்கள் குழுவில் மூத்தவரான ஓர் அக்காவிடம் படம் கேட்டேன். கையிலிருந்த நாரை வைத்துவிட்டு அவர் கேட்டார்:

“போட்டோ எடுக்க வேணாங்கலம்மா. அதுக்குக் கீழ என்ன எழுதுவ?”

உங்கள் கதையை எழுதுவேன் என்றேன்.

“எந்தக் கதைய? புருஷன் அடிச்சான், இவ அழுதா, நீங்க வந்து தூக்கி விட்டீங்க. அதத்தான எழுதுவ? இருவது வருஷமா பூக்கட்டிப் புள்ளைய காலேஜ்ல சேத்திருக்கேனே, அத எழுதுவியா? எம்பொண்ணுகூடப் படிக்கிறதுங்க எல்லாம் போன்லதான் கெடக்குதுங்க. நாளைக்கு ஒருத்தி அதக் கொண்டாந்து அவகிட்ட காட்டுனா, அவ எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கிளாஸ்ல உக்காருவா?”

படம் போடவில்லை. பெயரும் ஊரும் சொல்லாமல், மையம் என்ன செய்கிறது என்று மட்டும் எழுதினேன். அழும் முகங்களுக்கு நடுவே எங்கள் பக்கத்தில் ஒரு கரும்பலகையும் சில புத்தகப் பைகளும் இருந்தன. கேட்டதில் பாதிகூட வரவில்லை. அந்த வருடம் இரண்டு அறையை ஒன்றாக்கினோம். பெரிய பிள்ளைகள் ஒன்பதாவது படிக்கும்போது நின்றுவிட்டால் பெண்பிள்ளைகளைத்தான் முதலில் பூக்கட்ட உட்கார வைப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அந்த அக்காவுக்கும் தெரியும். தெரிந்தே வேண்டாம் என்றார். ஓர் அறை வாடகை ஒரு பக்கம், ஒரு பெண் வகுப்பில் தலைநிமிர்ந்து உட்காருவது மறுபக்கம் என்று எங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிற ஏற்பாட்டைப் பற்றித்தான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் 1950களில் அறக்கட்டளைகள் மீது நாடாளுமன்றமே சந்தேகப்பட்டு விசாரணை நடத்தியது. அப்போது கார்னகி நிறுவனத்தின் தலைவர், அறக்கட்டளைகளின் சட்டைப்பை கண்ணாடியால் ஆனதாக இருக்க வேண்டும் என்ற பொருளில் சாட்சி சொன்னார். அந்த எண்ணத்தில்தான் 1956இல் ஃபவுண்டேஷன் சென்டர் தொடங்கியது. யார், யாருக்கு, எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதைப் பொதுமக்கள் பார்க்கும்படி திரட்டி வைப்பது அதன் வேலை. 2019இல் அது கைட்ஸ்டார் அமைப்போடு இணைந்து கேண்டிட் ஆனது. ஆக, இந்தத் தளங்களின் ஆதி நோக்கத்தில் ஒன்று, கொடுக்கிறவரின் பையை வெளிச்சத்தில் வைப்பது. இன்று என் கண்ணில் படுவது வேறு. எங்கள் தணிக்கை அறிக்கை, பான் எண், நிர்வாகிகளின் விவரம், எங்கள் பெண்களின் முகம் எல்லாம் கண்ணாடிக்குள் இருக்கின்றன. எங்களை நிராகரித்தவர் ஏன் நிராகரித்தார் என்பது மட்டும் எனக்கு எந்தத் தளத்திலும் தெரிந்ததில்லை. கண்ணாடி இடம் மாறிவிட்டது.

கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்ற பிரிவே எவ்வளவு சரி என்பதற்குத் திருச்சியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1987இல் இங்கே தொடங்கப்பட்ட கிராமாலயா என்ற அமைப்பு, பிரிட்டனின் வாட்டர்எய்ட் உதவியோடும் மாநகராட்சியோடும் சேர்ந்து, குடிசைப் பகுதிகளில் பொதுக் கழிப்பறைகளை ஒழுங்குபடுத்தியது. அவற்றை நடத்தும் பொறுப்பு அந்தந்தப் பகுதிப் பெண்களின் குழுக்களிடம் விடப்பட்டது. வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து சில்லறை வாங்குவார், கணக்கு எழுதுவார்கள், சுத்தம் செய்கிறவருக்குச் சம்பளம், மின்கட்டணம், பழுதுபார்ப்பு எல்லாம் அதிலிருந்து. மிஞ்சியதைப் பகுதியின் மற்றத் தேவைகளுக்கு வைத்தார்கள். 2002இல் கல்மந்தை, திறந்தவெளியில் மலம் கழிக்காத நாட்டின் முதல் குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. கிராமாலயாவை நிறுவிய தாமோதரனுக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அந்தக் கழிப்பறைகளின் நன்கொடையாளர் யார்? வாட்டர்எய்ட் என்று அறிக்கை சொல்லும், அது உண்மை. ஆனால் கட்டடம் எழும்பிய பின் ஒவ்வொரு நாளும் அதைக் கழிப்பறையாக வைத்திருந்தது, அங்கே வந்துபோனவர்களின் சில்லறையும் மாலையில் கணக்குப் பார்க்க உட்கார்ந்த பெண்களின் நேரமும்தான். அவர்களை எந்தத் தளத்தில் தேடினாலும் பயனாளிப் பட்டியலில்தான் இருப்பார்கள்.

இப்படி ஒரு பட்டியல் முன்பும் இருந்தது என்று சீரங்கத்துக்காரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஊரில் கொடை என்பது கல்லில் எழுதப்படும். தமிழ்நாட்டுக் கோயில் கல்வெட்டுகளில் பெண்கள் விளக்குக்கும் நிலத்துக்கும் கொடை கொடுத்த செய்திகள் ஏராளம். ஆய்வாளர் லெஸ்லி ஓர் 2000இல் வெளியிட்ட நூலில், சோழர் காலக் கோயில் பெண்களை முதன்மையாகக் கொடையாளர்களாகவே அடையாளம் காட்டினார். கோயிலின் கிழக்கே வெள்ளைக் கோபுரம் நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டுப் படையெடுப்பின்போது கோயிலைக் காக்கத் தன் உயிரையே கொடுத்த வெள்ளாயி என்ற தேவதாசியின் பெயரால்தான் அது வெள்ளைக் கோபுரம் என்று ஊரில் சொல்வார்கள். இந்தப் பக்கம், தான் கொடுத்த ட்யூப்லைட்டின் வெளிச்சத்தையே மறைக்கும் அளவுக்கு ‘உபயம்’ என்று பெயர் எழுதிக்கொள்ளும் வழக்கமும் நம்முடையதுதான். கோயில் வாசலில் விற்கும் மாலையை நாரில் ஏற்றிய விரல்களுக்கு உபயம் என்று யாரும் எழுதியதில்லை. கூலி கொடுத்தாயிற்றே என்பார்கள். எவ்வளவு கூலி என்று கேட்க மாட்டார்கள்.

இணையதளங்களில் ட்யூப்லைட்டின் இடத்தைத் தையல் மெஷின் பிடித்திருக்கிறது. பெண்களுக்கு உதவி என்றாலே தையல் மெஷின். அதை எண்ணலாம், படமெடுக்கலாம், ஸ்டிக்கர் ஒட்டலாம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அதன் ஏழாம் அட்டவணையில் பாலின சமத்துவமும் இருக்கிறது. இருந்தும் மகளிர் காவல் நிலையத்தின் பெஞ்சில் ஒரு பெண்ணோடு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பதற்கு நிதி கேட்டால், “அவுட்புட் என்ன?” என்கிறார்கள். அந்த நான்கு மணி நேரத்தில் அவள் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் இருந்தாள். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கூட உட்கார்ந்திருந்தவளின் சம்பளமும் பஸ் காசும் பல படிவங்களில் ‘நிர்வாகச் செலவு’ ஆகிவிடுகின்றன. வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பு முன்பு 50 சதவீதம். 2020 திருத்தம் அதை 20 ஆக்கியது. மற்றக் கொடையாளர்களும், குறைந்த நிர்வாகச் செலவுதான் நேர்மையின் அடையாளம் என்று நினைக்கிறார்கள். கணக்கில் திருட்டு நடக்கக் கூடாது என்ற அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் இந்தத் துறையில் வீடு வீடாகப் போகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். பொருளுக்குக் கொடுத்தது சேவை, ஆளுக்குக் கொடுத்தது வீண்செலவு என்ற கணக்கு நமக்குப் புதிதா? சமையலறையில் மளிகைக்குக் காசு உண்டு, சமைக்கிறவளுக்கு இல்லை. அதே கணக்குத்தான் படிவத்தில் சதவீதமாக வருகிறது.

நாங்கள் தளங்களை விட்டு வெளியே வரவில்லை. வாடகை கொடுக்க வேண்டுமே. ஆனால் குழுவில் உட்கார்ந்து சில விதிகள் செய்துகொண்டோம். ஒரு பெண்ணைப் பற்றி எழுதியதை அனுப்பும் முன் அவளிடம் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அவள் வெட்டச் சொன்னதை வெட்ட வேண்டும். முகம், பெயர், தெரு கிடையாது. 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை எட்டாம் அட்டவணை மொழியில் படிக்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. தமிழ் அதில் இருக்கிறது. குழுப் பெண்கள் மாதாமாதம் போடும் சந்தாவையும், அவர்கள் கொடுக்கும் நேரத்தையும், ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ‘நன்கொடையாளர்கள்’ என்ற தலைப்பின் கீழ் முதல் வரியில் எழுத வேண்டும். தையல் மெஷின் வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படக் கூடாது.

வாசித்துக் காட்டத் தொடங்கியபின் விண்ணப்பங்கள் மாறிவிட்டன. அடி வாங்கியதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, கோர்ட்டுக்கு அலைந்த நாட்களில் பக்கத்து வீட்டுக்காரி பிள்ளைக்குச் சோறு போட்டதை மூன்று வரி எழுதச் சொல்கிறார்கள். எங்களுக்குக் கிடைக்கும் தொகை பெரிதாகக் கூடவில்லை. சென்ற ஆண்டு ஒரு கொடையாளர் மட்டும், முதல் வரியில் இருக்கும் இந்தச் சந்தாக்காரர்கள் யார் என்று கேட்டு எழுதினார். பதிலைக் குழுவே சொல்லட்டும் என்று கூட்டத்தில் வைத்தேன்.

இதைப் படிக்கும் மாணவிகளில் சிலர் நாளை சமூகப் பணி படித்துவிட்டு, அந்தப் படிவங்களை உருவாக்கும் மேசையில் உட்காரப் போகிறீர்கள். உங்களிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. பயனாளியின் கதையைக் கேட்கும் கட்டத்துக்கு மேலே இன்னொரு கட்டம் வையுங்கள்: இந்த வேலைக்கு அந்தப் பெண்கள் ஏற்கெனவே என்னவெல்லாம் கொடுத்திருக்கிறார்கள்? அதைத் தமிழிலும் நிரப்பலாம் என்று பக்கத்தில் எழுதுங்கள். இடம் கொஞ்சம் அதிகமாகவே விடுங்கள்.